ஏழு வரிகளும் பஞ்சர் கடை அக்காவும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையில் எங்கள் சபை இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நீலக் கதவு. நெருக்கி உட்கார்ந்தால் நூறு பேர். என் கணவர் அங்கே போதகர். மேடைக்குப் பின்னால் இருந்த சுவரில், எங்கள் சபை எதையெல்லாம் நம்புகிறது என்று ஏழு வரிகள் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. வேதம் தேவனுடைய வார்த்தை என்பது முதல் வரி. கிறிஸ்து திரும்ப வருவார் என்பது கடைசி வரி. ஞாயிறுதோறும் அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் எல்லோரும் உட்கார்ந்திருப்போம். பார்த்துப் பார்த்து, அங்கே எழுத்து இருக்கிறது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

மறக்காத ஒருவர் இருந்தார். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது.

சபையிலிருந்து நாலு கடை தள்ளி பஞ்சர் கடை வைத்திருந்தவர் அவர். அவருடைய கணவர் ஆரம்பித்த கடை. அவர் மாரடைப்பில் போன பிறகு இவரே ஜாக்கியையும் லெவரையும் கையில் எடுத்தார். புடவைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை, நெற்றியில் எப்போதும் ஒரு கரித்தீற்றல், கரும்பு லாரியின் இரைச்சலையும் மீறிக் கேட்கும் சிரிப்பு. அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஓட்டுநர்களுக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் போலீஸ்காரருக்கும் அவர் பஞ்சர் அக்காதான். எனக்கும் அப்படியே. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அவருக்கு நாற்பத்தைந்தாவது இருக்கும்.

ஒரு நாள் என் கணவரின் வண்டி அந்தக் கடைக்கு எதிரிலேயே நின்றுவிட்டது. அக்கா டியூபைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, இவர் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு சுவிசேஷ நோட்டீஸை எடுத்து நீட்டியிருக்கிறார். அக்கா அதை ஆணியில் செருகி வைத்துவிட்டு, பிறகு வந்த யாரோ ஒரு வாடிக்கையாளரைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதில் கொட்டை எழுத்தில் இருந்தது, இரட்சிப்பு இலவசம் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சபைக்கு வந்தார். கையில் ஒரு பெரிய துணிப்பை. நான்தான் வாசலில் நின்று வரவேற்றேன்.

“பை எதுக்குக்கா?”

“இலவசம்னு போட்டுக்கிதுன்னு படிச்சான் ஒர்த்தன். அரிசியோ சேலையோ தெரியல. எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்தாந்தேன்.”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. இந்த விஷயம் காதுக்குப் போனதும் என் கணவர் அன்றைக்கு வைத்திருந்த பிரசங்கத்தை மாற்றிக்கொண்டார். தேவனுடைய கிருபையை யாரும் சம்பாதிக்க முடியாது, நல்லது செய்தும் வாங்க முடியாது, நேர்ந்துகொண்டும் வாங்க முடியாது, அவர் சும்மா கொடுப்பதைக் கை நீட்டி வாங்கிக்கொள்வதுதான் விசுவாசம் என்று ஒரு மணி நேரம் பேசினார். அக்கா கண் இமைக்காமல் கேட்டார். முடிந்ததும் பையை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இன்னா பாஸ்டரம்மா, இவ்ளோ பெரிய சேதிய இத்தினியூண்டு நோட்டீசுல போட்டா எவனுக்குப் புரியும்?”

அடுத்த வாரம் பிரசங்கத்தின் நடுவில் வெளியிலிருந்து புஸ் புஸ் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். அக்கா கடையிலிருந்து பம்பைக் கொண்டுவந்து, வாசலில் நின்ற சைக்கிள், ஸ்கூட்டர், எல்லாவற்றுக்கும் வரிசையாகக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“அவரு எனக்கு சும்மா குடுத்தாரு. நான் காத்தாவது சும்மா குடுக்கறேன்” என்றார். பிரசங்கம் முடிந்த பிறகு அடிக்கும்படி என் கணவர் கெஞ்சிக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவர் அப்படித்தான். எந்த வரியைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: “சரி, அதுக்கு நான் இன்னா செய்யணும்?” நாங்கள் நம்பிக்கை என்றால் மனதில் வைத்துக்கொள்வது என்று நினைத்திருந்தோம். அவர் அதைக் கையால் செய்கிற வேலை என்று நினைத்தார்.

ஞானஸ்நானம் எடுக்கிறவர்களுக்கு எங்கள் சபையில் ஏழு வாரம் வகுப்பு உண்டு. வாரத்துக்கு ஒரு வரி. பெண்களுக்கு நான் எடுத்தேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒருவரே என்ற இரண்டாவது வரிக்கு நான் மூன்று நாள் தயாரித்துக்கொண்டு போனேன். தண்ணீர், ஐஸ், ஆவி என்று கரும்பலகையில் படமெல்லாம் போட்டேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பாஸ்டரம்மா, கோச்சிக்காதீங்க. எனக்கும் புரியல, உங்களுக்கும் புரியல. அவருக்குப் புரிஞ்சா போதும். அடுத்ததுக்குப் போலாம்.”

மூன்றாவது வரி, மனிதர் எல்லோரும் பாவிகள். அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

“எல்லாருமேவா?”

“எல்லாரும்தான்க்கா.”

“பாஸ்டரு?”

“அவரும்தான்.”

“கரும்புக்காரரு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரும்புக்காரர் எங்கள் சபையின் மூப்பர். சர்க்கரை ஆலைக்கு லோடு லோடாகக் கரும்பு அனுப்பும் குடும்பம். “அவரும்தான்” என்றேன், குரலைத் தாழ்த்தி. அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. யாரையும் மட்டம் தட்டுகிற சந்தோஷம் இல்லை அது. தான் மட்டும்தான் அழுக்கு என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தவரின் சந்தோஷம்.

ஆறாவது வரி, விசுவாசிகள் எல்லோரும் ஒரே சரீரம். அந்த வரியால்தான் சபையில் முதல் பிரச்சினை வந்தது. எங்கள் சபையில் எல்லோரும் பாயில்தான் உட்காருவார்கள். முன்னால் மட்டும் ஆறு நாற்காலி. மூப்பர் குடும்பமும் இன்னும் இரண்டு பெரிய வீட்டுக்காரர்களும் அதில் உட்காருவது வழக்கம். யாரும் போட்ட சட்டம் இல்லை. ஆனால் கூலி வேலைக்குப் போகும் யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த ஞாயிறு அக்கா நேராகப் போய் மூப்பரின் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டம் ஒரு நிமிடம் பாட்டையே மறந்துவிட்டது. மூப்பரின் மனைவி புடவைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா எழுந்து நின்று பின்னால் திரும்பி, கருணாபுரத்திலிருந்து வரும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக் கை ஆட்டினார். “எம்மா, நீயும் வா. உனக்கு மூட்டு வலி ஜாஸ்தி, கீழ குந்தினா எழுந்திரிக்க நாலு பேரு வேணும். இங்க ரெண்டு காலியாத்தான் இருக்குது. ஒரே ஒடம்புன்னு சொவுத்துல எழுதி இருக்குதாம்ல, அப்ப மூட்டு வலி எல்லாருக்கும்தான்.”

மூப்பர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் சுவரைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். இரண்டு வாரம் மூப்பர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார்கள். மூப்பரின் மனைவி, மூட்டு வலிக்கு ஒரு தைலம் நன்றாகக் கேட்கும் என்று அந்த அம்மாவுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தார். அதன் பிறகு நாற்காலிகள் வலி உள்ளவர்களுக்கு என்று ஆகிவிட்டது. அதற்கும் யாரும் சட்டம் போடவில்லை.

ஒரு அடக்க ஆராதனையும் ஞாபகம் வருகிறது. சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர், தொண்ணூறை நெருங்கியவர், இறந்துபோனார். எங்கள் வழக்கப்படி எல்லோரும் வெள்ளை உடுத்திக்கொண்டு நின்றோம். அக்கா கிளிப்பச்சைப் பட்டுப்புடவையில், தலை நிறையக் கனகாம்பரத்துடன் வந்து இறங்கினார். நான் அவசரமாக ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

“என்னக்கா இது?”

“மறுபடியும் எழுந்துருவாருன்னு நீங்கதான சொன்னீங்க? ஊருக்குப் போறவர பஸ் ஏத்தி வுட வர்றப்ப அழுக்குச் சேலையா கட்டிக்கினு வருவாங்க?”

இறந்தவரின் மகள் அதைக் கேட்டுவிட்டார். திட்டப்போகிறார் என்றுதான் பயந்தேன். அவர் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதார், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தார். குழியில் மண் போடும்போது, “போய்ட்டு வாங்க தாத்தா” என்று அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

இப்படி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கடந்த மனுஷி ஒரே ஒரு வரியில் நின்றுவிட்டார். நான்காவது வரி. கிறிஸ்துவின் சிலுவையினால் பாவமன்னிப்பு உண்டு என்பது.

ஏழு வாரமும் முடிந்து, முழுக்குக்கு முந்தின வாரம் எல்லா வரிகளையும் மறுபடி பார்த்தோம். அந்த வரியைப் பற்றி நான் பேசி முடித்தபோது அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

அவர் பிறந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். கீழே இறங்கிவந்து ஒரு பஞ்சர் கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டதில் வீட்டாருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனாலும் போக்குவரத்து இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அவருடைய அம்மா இறந்துபோனார். சேதி இவருக்கு மறுநாள்தான் வந்தது. இவர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாத ஆத்திரத்தில், ஊரார் அத்தனை பேருக்கும் முன்னால், புதைத்த ஈரம் காயாத அந்த மண்ணையே வாரி எடுத்து, ஒரே அண்ணன் மேல் தூற்றிவிட்டார்.

“வெளங்காம போவன்னு சொன்னேன். உங்குடும்பம் தழைக்காதுன்னு சொன்னேன். இந்த வாயாலதான்.”

மூன்று வருடம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. அண்ணன் அன்றைக்கே ஜீப்பில் ஆள் அனுப்பியிருக்கிறார். மழையில் பாதை சரிந்து ஜீப் நடுவழியில் நின்றுவிட்டது. தப்பு அண்ணன் மேல் இல்லை. தெரிந்த பிறகும் வெட்கத்தில் போகவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது, அந்த வாரம், டயர் மாற்ற வந்த மலை ஜீப் ஓட்டுநர் ஒருவர் சொல்லியிருக்கிறார்: அண்ணன் மகளுக்கு இரண்டு சம்பந்தம் கடைசி நேரத்தில் கலைந்துவிட்டதாம். மண் விழுந்த வீடு என்று பெண் எடுக்கத் தயங்குகிறார்களாம்.

நான் அக்காவை என் கணவரிடம் அழைத்துப்போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். மனதார ஆறுதல் சொல்லவே விரும்பினார்.

“அக்கா, சாபத்துக்கெல்லாம் பலம் கிடையாது. நீங்க பாவத்தை அறிக்கை செஞ்சாச்சு. கர்த்தர் மன்னிச்சாச்சு. அவர் அதை நினைக்கக்கூட மாட்டார். நிம்மதியா அடுத்த வாரம் ஞானஸ்நானம் எடுத்துக்கோங்க.”



“கர்த்தரு மன்னிச்சிட்டாரு, சரிங்க. ஆனா நான் மண்ணத் தூத்துனது கர்த்தர் மேல இல்லியே பாஸ்டரே. எங்கண்ணன் மேல.”

என் கணவர் கையிலிருந்த வேதாகமத்தை மூடி வைத்தார்.

“பலம் இல்லன்னு உங்களுக்குத் தெரியுது, எனக்கும் இப்ப தெரியுது. அவனுக்குத் தெரியாதே. பதினோரு வருசமா பயந்துக்கினு கெடக்கறான். நான் போய்ட்டு வந்துர்றேன். அப்பால முழுக்கு குடுங்க.”

துணைக்கு நான் போவதாக முடிவாயிற்று. கிளம்பும் காலையில் என் கணவர் ஒரு கட்டு நோட்டீஸைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். மலையில் கொடுப்பதற்கு. சுவிசேஷத்தை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பதும் எங்கள் நம்பிக்கைதான். அக்கா அந்தக் கட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி அவரிடமே திருப்பித் தந்தார்.

“வேற நாளு நானே குடுக்கறேன். மன்னிப்பு கேக்கப் போற வூட்டுல நோட்டீச நீட்டுனா, இதுக்குத்தான் வந்தாளான்னு ஆயிடுங்க.”

என் கணவர் அந்தக் கட்டை அலமாரியில் வைத்துவிட்டு எங்களுக்காக ஜெபம் செய்தார். வழக்கத்தைவிடச் சின்ன ஜெபம்.

கோமுகி அணையைத் தாண்டி ஜீப் மலை ஏறியது. வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. அத்தனை தூரமும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். கைகள் மட்டும் மடியில் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

அண்ணன் வாசலில் கடுக்காய் காயவைத்துக்கொண்டிருந்தார். மெலிந்து உயர்ந்த மனிதர், வேட்டி மடிப்பில் ஒரு பீடிக் கட்டு. தங்கையைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அண்ணிதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கதவிடுக்கில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். அவளுக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று எனக்குப் புரிந்தது. அக்கம்பக்கத்தில் சேதி பரவி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அதில் வெற்றிலை மென்றபடி ஒரு பெரியவர். ஊரில் நல்லது கெட்டதுக்கு அவர் வார்த்தைதான் என்று அண்ணி சொன்னார்.

கடைசியில் அண்ணன் வெளியே வந்தார். “எதுக்கு வந்த?”

“தூத்துன மண்ண வாங்கிக்கினு போக வந்தேண்ணே. தப்பு எம்மேலதான். நீ அன்னிக்கே ஆளு அனுப்புனது அப்பறந்தான் தெரிஞ்சிது. தெரிஞ்சும் வரல. அது அதவிடப் பெரிய தப்பு.”

பெரியவர்தான் பேசினார். “வந்துட்டா இல்ல, வுடுப்பா. எம்மா, நம்ம கோயிலாண்ட வந்து கற்பூரத்த அணைச்சி, சொன்னத எடுத்துக்கினேன்னு சொல்லிடு. ஊரு பாத்துரும். அதோட தீந்துது.”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். எங்கள் நம்பிக்கைப்படி அவர் அதைச் செய்யக் கூடாது. செய்யாவிட்டால் கதவுக்குப் பின்னால் நிற்கும் பெண்ணின் கதி? உண்மையைச் சொல்கிறேன், செய்துவிட்டு வரட்டும், நான் என் கணவரிடம் சொல்லப்போவதில்லை என்றுதான் அந்த நிமிடம் நினைத்தேன்.

அக்கா தலையை ஆட்டினார். “அது என்னால ஆவாதுண்ணே.”

அண்ணன் வெடித்துவிட்டார். “பாத்தியா! உனக்கு உஞ்சாமிதான் பெருசு. எம்பொண்ணு இல்ல!”

“உம்பொண்ணு பெருசுண்ணே. அதனாலதான் சொல்றேன். உஞ்சாமிய நான் ஒரு வார்த்த கொறவா சொல்ல மாட்டேன். ஆனா நான் நம்பாத எடத்துல நின்னு, எடுத்துக்கினேன்னு வாயால சொன்னா, அது பொய்யி. பொய் சொல்லி மன்னிப்பு கேட்டா அது கேட்டதா ஆவுமா? நாளைக்கி உனக்கே சந்தேகம் வராது? அவ மனசார எடுக்கலியேன்னு?”

பெரியவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

“அவ சொல்றது நாயந்தான். மனசு இல்லாத சத்தியம் சாமிக்கே ஆவாது” என்றார். “அப்ப இன்னாதான் செய்யலான்ற?”

“தூத்துன எடத்துலயே முடிச்சிக்கறேன். அம்மாவாண்ட போலாம்.”

எல்லோரும் நடந்தோம். ஊருக்கு வெளியே ஒரு சரிவில், தலைமாட்டில் ஒரு கல் நட்டு, அம்மாவின் சமாதி இருந்தது. அக்கா அதற்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து முகத்தை நிமிர்த்திக் கண்களை மூடிக்கொண்டார்.

“நான் எங்கண்ணனச் சொன்னது அத்தினியும் பொய்யி. அவன் வூடு நல்லா இருக்கணும். அவம்பொண்ணு புள்ள குட்டியோட இருக்கணும். ஊரு சாட்சியா சொல்றேன், எங்க ஏசப்பா சாட்சியா சொல்றேன். இப்ப நீ அந்த மண்ண எம்மேல போடுண்ணே. கணக்கு நேராயிடும்.”

அண்ணன் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார். மண் விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார்.

“போடுண்ணே. கடைய சாத்திட்டு வந்திருக்கேன்.”

அவர் போட்டார். போடுகிற அதே சமயம் சரிவிலிருந்து ஒரு காற்று தூக்கிக்கொண்டு வந்தது. பாதி மண் அக்காவின் முகத்தில், மீதி என் தலையிலும் பெரியவரின் வெற்றிலை வாயிலும். அக்கா தும்ம ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நிற்கவே இல்லை. ஒவ்வொரு தும்மலுக்கும் மூக்கிலிருந்து செம்மண் பறந்தது. பெரியவர் தூ தூ என்று துப்பிக்கொண்டு ஒற்றைக்காலில் சுற்றினார். முதலில் சிரித்தது அண்ணன் மகள். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை. அப்புறம் அண்ணி. அப்புறம் நான்.

அண்ணன் தங்கைக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அழுதார். அழுதுகொண்டே சொன்னார்: “அன்னிக்கும் இதே காத்துதான் பாப்பா. நீ தூத்துனதுல பாதி உம்மேலயேதான் வுழுந்துச்சு. நான் பாத்தேன்.”

“அத அப்பவே சொல்லக் கூடாதா? பதினோரு வருசம் மிச்சமாயிருக்கும்ல!” என்றார் அக்கா. அவருடைய அந்தச் சிரிப்பு பள்ளத்தாக்கில் போய் முட்டித் திரும்பி வந்தது.

அன்று மதியம் சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். தங்கை போதும் என்று சொல்லும்வரை போட்டார். அவர் போதும் என்று சொல்லவே இல்லை.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த வருடம் திருமணம் நடந்தது. ஊரே கண்ணால் பார்த்துவிட்ட பிறகு மண் விழுந்த வீடு என்ற பேச்சு நின்றுபோனது. கோயிலில் தாலி கட்டும்போது அக்கா வெளியே பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தாராம். உள்ளே வரவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசிப் பந்திவரை அவர்தான் பரிமாறினார். இதெல்லாம் அவர் எனக்குப் போனில் சொன்னது. அதற்குள் என் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி நாங்கள் கள்ளக்குறிச்சியை விட்டுப் போயிருந்தோம். புதிய சபையிலும் சுவரில் ஏதோ எழுதியிருந்தது. என் கணவர் முதல் ஞாயிறே அதை உரக்கப் படித்துவிட்டு, இதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கூட்டம் திருதிருவென்று விழித்தது. எனக்கு மட்டும் அது யாருடைய கேள்வி என்று தெரியும்.

அக்காவின் ஞானஸ்நானத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. மலையிலிருந்து திரும்பிய அடுத்த ஞாயிறு, அணைக்குக் கீழே கோமுகி ஆற்றில். ஆறு பேர் முழுக்கு எடுக்க இருந்தார்கள். சபையார் கரையில் பாடிக்கொண்டிருந்தோம். அக்காவின் முறை வரும் நேரத்தில் சாலையில் ஒரு ஜீப் வந்து நின்றது. அண்ணன், அண்ணி, மகள் மூவரும் இறங்கினார்கள். அண்ணன் தோளில் ஒரு முழுப் பலாப்பழம். அவரை யாரும் அழைக்கவில்லை. தங்கச்சிக்கு என்னவோ சடங்காமே, பிறந்த வீட்டிலிருந்து ஆள் இல்லாமல் எப்படி என்று அவராகவே கிளம்பி வந்துவிட்டார்.

இடுப்பளவு தண்ணீரில் என் கணவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார்: “இயேசு கிறிஸ்துவை உங்கள் சொந்த இரட்சகராக விசுவாசிக்கிறீங்களா?”

“விசுவாசிக்கிறேங்க!” கரை அதிர்ந்தது.

“சபைக்கு முன்னால உங்க சாட்சியைச் சொல்லுங்க.”

முழுக்கு எடுக்கிறவர்கள் தேவன் தங்கள் வாழ்க்கையில் செய்ததைச் சொல்வதைத்தான் நாங்கள் சாட்சி என்போம். அக்கா வாயைத் திறந்தார். அண்ணன் நின்ற பக்கம் பார்த்தார். பேச்சு வரவில்லை. கண்ணீர் கொட்டியது. கரையில் எல்லோரும் காத்திருந்தோம்.

அண்ணனுக்கு அவசரமாகிவிட்டது. பத்திர ஆபீஸில் போலச் சாட்சி இல்லாமல் தடுமாறுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, பலாப்பழத்தை என் கையில் திணித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

“சாட்சிக்கு நான் இருக்கேங்க. கையெழுத்து எங்க போடணும்?”

என் கணவர் திகைத்துப் போனார். ஆனால் சிரிக்கவில்லை. “கையெழுத்து வேணாம்ண்ணே. சொன்னாலே போதும்.”

அண்ணன் கரையைப் பார்த்துத் திரும்பினார். நூறு பேரைக் கண்டதும் கொஞ்சம் கூச்சம் வந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“இது எங்கூட்டுப் பொண்ணு. எம்மேல கோவப்பட்டு மண்ணத் தூத்திட்டா. பதினோரு வருசம் கழிச்சி அவளே வந்து திருப்பி வாங்கிக்கினா. பொய் சொல்லியிருந்தா சுளுவா முடிஞ்சிருக்கும். சொல்லல. எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்.”

மூப்பரின் மனைவி பெரிதாக “ஆமென்” என்றார். கரை முழுக்க அது பரவியது. அண்ணன் அது என்னவென்று தெரியாமல் எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

அவர் கரையேறவில்லை. அக்காவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கு நீச்சல் தெரியாது, நான் பிடித்துக்கொள்கிறேன் என்றார். இப்படி ஒரு ஞானஸ்நானம் எங்கள் ஒழுங்கு முறையில் கிடையாது. என் கணவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, “நல்லா பிடிச்சிக்கோங்க” என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அக்காவை மல்லாக்கச் சாய்த்துத் தண்ணீரில் முழுக்கி எடுத்தார்கள். மேலே வந்த அக்கா முகத்து நீரைக்கூட வழிக்காமல் அண்ணனின் ஈர வேட்டியைப் பார்த்துக் கத்தினார்:

“ஐயையோ, இன்னாண்ணே! பீடிக் கட்ட எடுத்து வெச்சிட்டு எறங்கக் கூடாதா?”